அண்ணன் நம்பரில் வேறு குரல்

2023 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் இருக்கும் எங்கள் பங்காளி வீட்டு அக்கா போன் செய்தார். நலம் விசாரித்த பிறகு, "ஏந்தம்பி, சாமிக்குன்னு 2,001 ரூவா போட்டு பத்து நாளாச்சு. ஒரு ரசீது கூட வரலியே? முன்னெல்லாம் பொருளாளர் அண்ணன் அன்னிக்கே போன் பண்ணுவாரு. இப்ப இருக்கறவங்க அவ்வளவு பெரிய ஆளா?" என்றார்.

கோயில் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு தொகை வரவே இல்லை. எந்தக் கணக்குக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "கணக்கெல்லாம் இல்ல. நம்ம கோயில் வெப்சைட்ல இருக்கற அந்த நம்பருக்குத்தான் ஜிபேல போட்டேன்" என்று சொல்லி, நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நாலாவது எண்ணிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் பொருளாளர் அண்ணனின் நம்பர். அவர் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

புதன்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கோயில் சின்னதுதான். நான்கு வகையறாப் பங்காளிகள் சேர்ந்து நடத்துகிற குலதெய்வக் கோயில். 2016-இல் கும்பாபிஷேகம் செய்தோம். அந்தக் கணக்கு முழுவதையும் எழுதியவர் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பிறகு அவர் தறி ஓட்டப் போனார், நான் சேலத்துக்குப் படிக்கப் போனேன். நான் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும், "எழுத்து வேலையெல்லாம் இனி உன்னுது தம்பி, காசு மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படித்தான் கோயிலுக்கு ஒரு இணையதளம் என்ற ஆசையும் எனக்கு வந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். லீவுக்கு வந்தபோது அவன்தான் அமைத்துக் கொடுத்தான்.

அண்ணன் இறந்த அடுத்த மாதமே, அவர் நம்பர் போட்டிருந்த 'நன்கொடை' என்ற பக்கத்தை நானே என் கையால் நீக்கியிருந்தேன். பதிலாகக் 'காணிக்கை' என்று புதுப்பக்கம் எழுதி, கோயில் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டேன். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் பெயரை அழிப்பதற்கு ஒரு பொத்தான்தானா என்று கொஞ்ச நேரம் கையெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அக்கா சொன்னதை நான் நம்பவில்லை. பழைய காகிதம் எதையோ பார்த்திருப்பார் என்று நினைத்தேன். அவர் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் தளம்தான். அண்ணன் சிரிக்கிறார், கீழே அவர் நம்பர்.

சரி, அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது? என் போனில் அண்ணன் பெயர் அப்படியே இருந்தது. அழிக்க மனம் வரவில்லை. உங்களில் பல பேர் போனிலும் அப்படிச் சில பெயர்கள் இருக்கும். வாட்ஸப்பில் அவர் பெயரைத் திறந்தேன். அண்ணன் எப்போதும் வைத்திருக்கும் முருகன் படம் இல்லை. ஒரு கைக்குழந்தை, நெற்றியில் பெரிய மைப்பொட்டோடு என்னைப் பார்த்தது.

அன்றைக்கு முழுவதும் கூப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் கூப்பிட்டேன். திரையில் அண்ணன் பெயர் எழுந்து மணி அடிக்கிறது. இரண்டு வருடமாக அடிக்காத மணி. வயிற்றில் என்னவோ செய்தது. எடுத்தது ஒரு இளவட்டக் குரல். பின்னால் இயந்திரச் சத்தம் காதைப் பிளந்தது. "யாருங்கய்யா? சத்தமாப் பேசுங்க, போர் ஓடிட்டிருக்கு."

அரூர்ப் பக்கத்துப் பையன். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை. அப்போது சத்தீஸ்கரில் எங்கோ ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுவதும் ஓடுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நம்பர் எடுத்து ஒரு வருடம் ஆகிறது என்றான். தப்புச் செய்தது யாருமில்லை. அண்ணி அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை, எதற்குச் செய்ய வேண்டும்? பயன்பாடு இல்லாமல் துண்டிக்கப்பட்ட எண்ணை, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. 2023-இல் உச்ச நீதிமன்றத்திலும் டிராய் இதைத்தான் சொன்னது. அந்த எண்ணைப் பையன் தன் வங்கிக் கணக்கோடு இணைத்துக்கொண்டான். அதன் பிறகு அந்த எண்ணுக்கு யார் பணம் போட்டாலும் அவனுக்குத்தான் போகும். அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வருமே என்று அக்காவிடம் கேட்டதற்கு, "அண்ணன் பேரனா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பையன் சொன்னதைக் கேட்டு நான்தான் தலைகுனிந்தேன். "மூணு பேரு போட்டாங்கய்யா. 2,001, 1,001, 501. யாரோ தெரியாமப் போட்டுட்டாங்கன்னு கூப்பிட்டேன், புது நம்பர்னு எடுக்கல. தனியா எடுத்து வெச்சிருக்கேன். எங்க அனுப்பணும்னு சொல்லுங்க." அன்று இரவே 3,503 ரூபாய் கோயில் கணக்குக்கு வந்துவிட்டது.

பணம் வந்துவிட்டது. பேச்சு நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். யார் வழியாகவோ விஷயம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பங்காளி எழுந்து, "செத்துப்போன ஆளு நம்பர வெச்சு வசூல் நடக்குதாமே, எத்தன வருசமா நடக்குது?" என்று கேட்டார். நான் பணம் திரும்பி வந்த கதையைச் சொன்னேன். "வந்தது மூணு. வராதது எத்தன?" என்று இன்னொருவர். மூலையில் பெண்கள் பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தார். 2016-இல் முப்பது லட்சத்துக்கு மேல் வரவு செலவு பார்த்து, பத்து பைசா வித்தியாசமில்லாமல் கணக்குக் கொடுத்த மனிதரின் மனைவி. அவர் தலை நிமிரவே இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பதினைந்து நாள் டைம் குடுங்க. அந்தப் பக்கம் ஏன் போகலைன்னு கண்டுபுடிச்சு, எழுத்து மூலமாக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்துக்கு அப்படி எழுதித்தானே பழக்கம்.

இனிக் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம். என் வயசுக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் தளம் ஹ்யூகோ என்ற மென்பொருளில் செய்தது. 2013-இல் ஸ்டீவ் பிரான்சியா என்பவர் தொடங்கியது, இலவசம். நான் என் கணினியில் சாதாரண உரையாக எழுதுவேன். அது கையெழுத்துப் பிரதி மாதிரி. கட்டளை கொடுத்தால், ஹ்யூகோ அதையெல்லாம் எடுத்து, தலைப்பு, பட்டியல், நிறம் எல்லாம் சேர்த்து, உலாவியில் பார்க்கிற மாதிரியான பக்கங்களாக அச்சடித்து, 'பப்ளிக்' என்ற ஒரு கோப்புறையில் போட்டுவிடும். அந்த அச்சடித்த கோப்புறையை அப்படியே வாடகைக்கு எடுத்த சர்வரில் ஏற்றுவேன். ஊரார் பார்ப்பது அச்சுப் பிரதியை. நான் திருத்துவது கையெழுத்துப் பிரதியை.

பேரனிடம் போனில் சொன்னதும், அவன் யோசிக்கக்கூட இல்லை. "அப்புச்சி, பப்ளிக் போல்டர எப்பவாச்சும் காலி பண்ணீங்களா?" என்றான். எதற்குக் காலி செய்ய வேண்டும்? ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தானே அச்சடிக்கிறது? "புதுசா அடிக்கும். அதே பேர்ல இருந்தா பழசு மேலேயே எழுதும். ஆனா நீங்க நீக்கின பக்கத்தோட பழைய காப்பிய அது தொடாது. அது பாட்டுக்கு அங்கேயே கெடக்கும்."

ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவன் அனுப்பிய விளக்கக் குறிப்பைப் படித்தேன். ஹ்யூகோக்காரர்களே ஒளிக்காமல் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்: பப்ளிக் கோப்புறையை நாங்கள் முன்கூட்டித் துடைப்பதில்லை, இருப்பதன் மேல் எழுதுவோம், அழிக்க மாட்டோம் என்று. ஜெகில் என்று இன்னொரு மென்பொருள் இருக்கிறது. 2008-இல் வந்தது. அது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு முறையும் வெளியீட்டுக் கோப்புறையில் தான் உண்டாக்காத எதையும் துடைத்துவிடும், வேண்டியதை விட்டுவைக்கத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். எது சரி? நான் அலுவலகத்தில் இரண்டு வகை ஆட்களையும் பார்த்திருக்கிறேன். தான் வைக்காத காகிதத்தைத் தொடவே மாட்டேன் என்பவர் ஒரு வகை. தெரியாத காகிதம் என்றால் குப்பைக் கூடை என்பவர் இன்னொரு வகை. இரண்டு பேராலும் எனக்குக் கஷ்டம்தான் வந்திருக்கிறது.

பேரன், "ஒண்ணும் பண்ண வேண்டாம் அப்புச்சி, பப்ளிக் போல்டரையே டெலீட் பண்ணிட்டு ஒரு தடவ ஓட்டுங்க. இல்லன்னா கட்டளையோட 'கிளீன் டெஸ்டினேஷன் டைர்'னு ஒரு வார்த்த சேத்துக்குங்க, அதுவே கழிச்சுக்கட்டிடும்" என்றான். ஒரு நிமிட வேலை. கை அந்தப் பொத்தான் வரை போய்விட்டது.

நிறுத்தியது பழைய உத்தியோகம். நான் சேலம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தராகப் பல வருடம் இருந்தவன். கோப்பு முடிந்தால் அதற்கு ஒரு ஆயுள் எழுதுவோம். எல்.டிஸ். என்றால் ஓராண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, டி.டிஸ். பத்தாண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். தமிழில் எழுதத் தொடங்கிய பிறகு ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்று வந்தது. ஆயுள் முடிந்த கட்டுகளை வருடா வருடம் கழிப்போம். ஆனால் அழிப்புப் பட்டியல் தயாரித்து, மேலதிகாரி கையெழுத்து வாங்காமல் ஒரு தாளைக் கூட வெளியே எடுக்க முடியாது. இந்த வேலையின் அருமை எனக்கு 1997-இல் புரிந்தது. அந்த வருடம் ஜனவரி 1-ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று நான்கு வட்டங்களின் காகிதங்களைப் பிரித்து அனுப்ப வேண்டும். சேலத்துப் பதிவறையில் எந்தக் கட்டு யாருடையது என்று பிரிக்கிற வேலை. தூசியில் இருமி இருமி மூன்று மாதம் தொண்டை கட்டிக் கிடந்தது. 'பழையது, தேவையில்லை' என்று மேலே எழுதிப் போட்டிருந்த ஒரு கட்டில், ஒரு கிராமத்து ஏரி வாய்க்கால் பற்றிய நிரந்தர முடிவுக் கோப்பு இருந்தது. யாரோ இடம் போதாமல் அதில் செருகியிருக்கிறார்கள். பட்டியல் போட்டதால் தப்பியது. வேறொரு அலுவலகத்தில் பட்டியல் போடாமல் எரித்து, பிறகு அதே நிலத்துக்கு வழக்கு வந்து அல்லாடியதையும் கண்டிருக்கிறேன்.

அதனால் பேரனிடம் சொன்னேன், அழிக்கிறதுக்கு முன்னால் பட்டியல் வேணும் என்று. அவன் சிரித்தான், ஆனால் வழி சொன்னான். வெளியீட்டை வேறொரு புதுக் கோப்புறையில் போடச் சொல்லி ஹ்யூகோவை ஓட்டலாம். அப்போது அதில் இன்றைக்கு உண்மையாக உள்ள பக்கங்கள் மட்டும் வரும். பிறகு பழைய பப்ளிக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பழையதில் மட்டும் இருப்பது எதுவோ, அதுதான் கழிக்க வேண்டியதற்கான வேட்பாளர். கோப்பின் தேதியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமே என்று முதலில் நினைத்தேன். பக்கங்களுக்கு அது ஓரளவு சரி. இன்று அடித்தவை இன்றைய தேதியில் இருக்கும், மற்றவை பழைய தேதியில். படங்களுக்கு ஒத்துவராது. பழைய படம் பழைய தேதியோடுதான் இருக்கும், ஆனால் தேவையான படமாக இருக்கும்.

இரண்டு நாள் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். 63 உருப்படி.

அண்ணனின் 'நன்கொடை' பக்கம் முதல் வரிசையில் இருந்தது. அடுத்து, நிறம் எழுத்தளவு எல்லாம் சொல்கிற பாணிக் கோப்புகள், பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத நீள எழுத்துக் கோவையோடு பதினேழு. பேரன் விளக்கினான்: கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து அந்தக் கோவையைக் கணக்கிடுகிறார்களாம். ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும். பார்ப்பவர் போனில் பழையது சேமித்திருந்தாலும், பெயர் வேறு என்பதால் புதியது இறங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் ஒவ்வொரு முறை நிறத்தை மாற்றும்போதும் ஒரு புதுக் கோப்பு பிறந்து, பழையது சாகாமல் கிடந்திருக்கிறது. பாம்பு சட்டை உரித்துப் போட்ட மாதிரி.

பிறகு 'ஊர் வரலாறு' மூன்று முறை. தலைப்பை மூன்று தடவை மாற்றினேன், முகவரியும் தலைப்பை ஒட்டி மாறியது, மூன்றும் நின்றுவிட்டன. அதில் ஒன்றில் கோயில் கட்டிய வருடத்தைத் தப்பாக எழுதியிருந்தேன். அதை எடுத்துத்தான் ஒரு கல்லூரிப் பெண் தன் கட்டுரையில் போட்டிருந்தாள், நான் அவளிடம் எங்கிருந்து இந்தத் தப்பை எடுத்தாய் என்று கோபித்துக்கொண்டிருந்தேன். பாவம்.

இருபத்து நான்காவது உருப்படியைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது. தெற்கு வகையறாவின் வரப்புத் தகராறு பற்றி 2020-இல் ஒரு கோபத்தில் நான் எழுதியது. இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல், வெளியே வராதபடி 'வரைவு' என்று குறித்து வைத்தேன். கையெழுத்துப் பிரதியில் அது வரைவுதான். அதற்கு முன்பே அடித்த அச்சுப் பிரதி மூன்று வருடமாக உலகம் பார்க்கத் திறந்து கிடந்திருக்கிறது. பெயரெல்லாம் இல்லை என்றாலும், ஊரில் யார் என்று தெரியாதா? கூட்டத்தில் முதலில் எழுந்து கேள்வி கேட்ட பங்காளி அந்த வகையறாதான். அவர் படித்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. படித்திருந்தால் அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

கடைசியில் பதினான்கு படங்கள் மிஞ்சின. பெயர் வெறும் எண்கள். ஒன்றைத் திறந்தேன். நீலக் கோடு போட்ட பேரேட்டுப் பக்கம். அண்ணனின் கையெழுத்து. 2016 கும்பாபிஷேக வரவு செலவு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, பக்கத்தில் அவர் சுருக்கொப்பம். அப்போதுதான் நினைவு வந்தது. 2018-இல் ராசிபுரத்தில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து, பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். "யாரு வேணா பாக்கட்டும் தம்பி, போட்டுரு." நான் சோம்பல்பட்டு, மூலக் கோப்புறையில் வைக்காமல் நேராக பப்ளிக்கில் ஒட்டி ஏற்றிவிட்டேன். மூலத்தில் நகல் கிடையாது. பென் டிரைவ் எங்கே போனதோ. அசல் பேரேடோ, 2019 மழையில் கோயில் அறை ஒழுகி, பாதி கரைந்து போனது. பேரன் சொன்னபடி முதல் நாளே காலி செய்திருந்தால், அண்ணன் யோக்கியர் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் என் கையாலேயே கழித்திருப்பேன். அவனைக் குறை சொல்லவில்லை. வெளியீட்டுக் கோப்புறையில் யாரும் கையால் எதையும் வைக்கக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் பால பாடம். எப்போது வேண்டுமானாலும் அழித்துத் திரும்ப உண்டாக்கக்கூடியதாகத்தான் அது இருக்க வேண்டும். வைத்தவன் நான்.

பதினான்கையும் மூலத்தில், ஹ்யூகோ தொடாமல் அப்படியே நகலெடுக்கும் 'ஸ்டேடிக்' கோப்புறைக்கு மாற்றினேன். இன்னொரு நகல் பென் டிரைவில், இன்னொன்று பேரனிடம். நோட்டில் அந்த வரிசைக்கு எதிரே சிவப்பு மையில் 'நிரந்தர முடிவு' என்று எழுதினேன். மற்ற 49-க்கும் நேராக ஒரே கோடு. பிறகுதான் பப்ளிக் கோப்புறையைக் காலி செய்து, புதிதாக ஓட்டினேன். சர்வரில் ஏற்றினேன். அக்கா அனுப்பிய முகவரியைத் தட்டினேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தார், கீழே நம்பரோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேரன் பொறுமையாகச் சொன்னான். நான் ஏற்றப் பயன்படுத்துவது பைல்ஜில்லா. அதுவும் நம் ஹ்யூகோவின் பங்காளிதான். அதே பெயர்க் கோப்பு இருந்தால் மாற்றும், புதிதை வைக்கும். அங்கே இருந்து, இங்கே இல்லாததைத் தானாக எடுக்காது. ஆக, என் வீட்டுக் கட்டைத்தான் கழித்திருக்கிறேன், சர்வரில் உள்ள கட்டு அப்படியே இருக்கிறது. ஆர்சிங்க் என்று ஒரு கருவி இருக்கிறது, 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல் எழுதியது. அதில் 'டிலீட்' என்று சேர்த்துச் சொன்னால்தான் அதுவும் அழிக்கும், சொல்லாவிட்டால் அழிக்காது. பொதுவாக இந்தக் கருவிகள் எல்லாமே கேட்காமல் அழிக்கத் தயங்குகின்றன. பதிவறையில் இருந்தவன் என்ற முறையில் அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன், அன்றைக்கு மதிக்க முடியவில்லை.

பைல்ஜில்லாவில் இரண்டு பக்கக் கோப்புறைகளையும் ஒப்பிடும் வசதி உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதை மஞ்சளாகக் காட்டும். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மஞ்சளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து நீக்கினேன். பட்டியலில் இல்லாத மஞ்சள் இரண்டு இருந்தது. அவை சர்வர்க்காரர்கள் வைத்தவை, தொடவில்லை. முகவரியைத் திரும்பத் தட்டினேன். 'பக்கம் இல்லை' என்று வந்தது. இரவு பதினொன்றேகால்.

கூகுளில் இன்னும் சில நாள் தலைகாட்டியது. அதற்கும் ஒரு மனு உண்டு, தளம் நம்முடையது என்று நிரூபித்துக் கொடுத்தால் சுமார் ஆறு மாதத்துக்கு மறைத்து வைப்பார்கள். பக்கம் உண்மையிலேயே இல்லை என்பதை அவர்கள் இயந்திரம் வந்து பார்த்த பிறகு, தானே போய்விடும். மனுப் போட்டேன், மறைந்தது.

பதினைந்தாம் நாள் கூட்டத்தில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். படிக்கக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. அண்ணன் பேரேட்டுப் பதினான்கு பக்கத்தையும் நாமக்கல்லில் பெரிதாக அச்செடுத்து, மண்டபச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தேன். அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தன் அப்பா பெயரையும் 250 ரூபாயையும் தேடிக் கண்டுபிடித்துத் தொட்டுப் பார்த்தவர்கள் நிறைய. தெற்கு வகையறாப் பங்காளி கடைசிப் பக்கத்தின் முன் நெடுநேரம் நின்றார். கூட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "கணக்கு சரியாத்தான் இருக்குது" என்றார். வரப்புக் கட்டுரை பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அண்ணி மட்டும் மறுநாள் வீட்டுக்கு வந்து, "அவர் போட்டோ இருந்த அந்தப் பக்கத்த எடுத்துட்டீங்களாமே. அதுல நல்லாச் சிரிச்சிட்டிருந்தாரே" என்றார். நம்பர் இல்லாமல், படத்தை மட்டும் நிர்வாகிகள் பக்கத்தில் போட்டிருக்கிறேன். பெரிதாக ஒரு பிரிண்டும் கொடுத்தேன்.

அந்த ரிக் வண்டிப் பையன் பெயரை என் போனில் இப்போது 'அரூர்த் தம்பி' என்று மாற்றிவிட்டேன். அவனிடம் கோயில் நம்பரைக் கொடுத்து, யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிடு என்றிருந்தேன். சென்ற ஆடியில் ஒருநாள் அவனே கூப்பிட்டான். "அய்யா, நேத்து ஒருத்தர் கூப்பிட்டாருங்க. கோயிலான்னு கேட்டாரு. உங்க நம்பரக் குடுத்துட்டேன்."

எனக்குத் திக்கென்றது. எல்லாவற்றையும் கழித்தாயிற்றே, இன்னும் எந்தப் பக்கம் மிச்சம்? எதிலிருந்து எடுத்தாராம் என்று கேட்டேன்.

"கும்பாபிஷேகப் பத்திரிகையாம்ங்க. பிரேம் போட்டு சாமி ரூம்ல மாட்டி வெச்சிருக்காராம்."